எது கேட்டாலும் ‘இல்ல’

அவளை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பாள். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஆசாமிகள் உண்டு. “சார், பரீட்சைக்கு நல்லா படிச்சிருக்கீங்க, இப்ப கடைசியிலிருந்து வாசிங்க பாப்போம்” என்பாள். கடையே சிரிக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை அவளைப் பார்த்தால் நம்பத் தோன்றும். என் கண்ணாடிகூட அவள் போட்டுக் கொடுத்ததுதான்.

நான் பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ். குழந்தையை எடை போடுவேன், தாயின் தையலைப் பார்ப்பேன், கடைசியில் அவள் மனநிலை பற்றிப் பத்துக் கேள்வி கேட்டுக் குறிப்பேன். ‘தாயிடம் தனியாகக் கேட்கவும்’ என்று அந்தத் தாளின் தலையிலேயே தடித்த எழுத்தில் இருக்கும். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு ஏறி இறங்குகிறவளுக்குத் தடித்த எழுத்தாவது மண்ணாவது.

அவளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு வாரம். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பால் கட்டி நைட்டியின் முன்பக்கம் நனைந்து கிடந்தது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ‘பால் போதுமானது’ என்று எழுதினேன்.

“மொதல்லெல்லாம் வாய் ஓயாது சிஸ்டர். இப்பத்தான் அடக்க ஒடுக்கமா இருக்கா” என்றாள் மாமியார், கதவோரம் நின்றபடி.

நான் கேள்வித்தாளை எடுத்தேன். “வேடிக்கையா ஏதாவது பாத்தா சிரிக்க முடியுதாம்மா?”

“இல்ல.”

“நாளைக்கு நடக்கப்போறத நெனச்சா சந்தோஷமா இருக்கா?”

“இல்ல.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யய்யோ! இதுக்கு ஆமான்னு சொல்லணும்டி!”

விஷயம் இதுதான். அந்தத் தாளில் தப்பாகப் பதில் சொன்னால் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ மாமியாரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். எது கேட்டாலும் ‘இல்ல’ என்று சொல்லும்படி கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல மருமகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அழுகை வருதா, பயம் வருதா, தூக்கம் கெடுதா என்கிற எட்டுக் கேள்விகளுக்கு அது சரிப்படும். முதல் இரண்டும் நேர் எதிர் என்று அவளுக்கு யார் சொல்வது?

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கேள்வி புரியல போல” என்று சொல்லி, இரண்டையும் அடித்துவிட்டு ‘ஆமாம்’ என்று திருத்தினேன். அவள் அன்று முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இல்ல சிஸ்டர்” என்றாள் மறுபடியும், மெதுவாக.

“பாத்தீங்களா, சொன்னதையே சொல்லுது” என்றாள் மாமியார். நான் மூன்றாவது கேள்விக்குப் போய்விட்டேன். சாகத் தோன்றுகிறதா என்கிற பத்தாவது வரைக்கும் ‘இல்ல’தான். மொத்தம் பூஜ்யம். இந்தப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கினால்தான் முதல் மார்க்.

நான் போய் வந்த ஒன்பதாம் நாள் அவள் குழந்தையைத் துணியில் சுற்றி, பக்கத்து வீட்டு வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ரயில் பாதைக்கு நடந்தாள். கேட் காவலர் பார்த்து இழுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு வருகிற நோய், திமிரும் இல்லை, கிறுக்கும் இல்லை என்று டாக்டர் சொன்னார். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரை, வாரம் ஒரு நாள் உட்காரவைத்துப் பேச்சு. இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது வாரம் பசித்தது. ஆறாவது வாரம், “டாக்டர், உங்க பவர் மாறிப்போச்சு, என் மூஞ்சியப் பாக்காம சுவத்தப் பாத்துப் பேசறீங்க” என்றாளாம். அவ்வளவு சுலபமாகத் தீர்கிற வியாதி. மூன்று மாதத்தில் கடைக்குத் திரும்பிவிட்டாள்.

குழந்தை மட்டும் திரும்பவில்லை. பெற்ற பிள்ளையைத் தெருவில் போட்டுப் போன கல்நெஞ்சக்காரி என்று புருஷன் வழக்குப் போட்டான். நோயில் செய்தது என்றது அவள் தரப்பு. நோய் என்பது பிற்பாடு கட்டின கதை என்று சொல்லி அவன் வக்கீல் என் தாளை எடுத்து நீட்டினார். ரயில் பாதைக்குப் போனதற்கு ஒன்பது நாள் முன்பு பூஜ்யம், கீழே என் கையெழுத்து.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். “ரெண்டு எடத்துல அடிச்சுத் திருத்தியிருக்கே?” என்று கேட்டார் நீதிபதி.

“கேள்வி புரியாம சொன்னாங்கய்யா. திருப்பிக் கேட்டேன். ஆமான்னு சொன்னாங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது, வேலை போய்விடும் என்று பயம். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு காரணமும் இல்லை. குழந்தை அப்பாவிடம் என்று தீர்ப்பானது. தாய்க்கு வாரத்தில் இரண்டு மணி நேரம், அதுவும் மாமியார் எதிரே உட்கார்ந்திருக்க.

வெளியே நடைவழியில் அவள் என்னிடம் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் ரெண்டாவது தடவையும் இல்லன்னு சொன்னதாத்தான் ஞாபகம். ஆனா அப்ப இருந்த நெலமைக்கு என் ஞாபகத்தையே என்னால நம்ப முடியல. நெஜமாவே ஆமான்னு சொன்னேனா?”

“ஆமாம்மா. நீயேதான் சொன்ன.”



“அப்ப தப்பு என்மேலதான்” என்றாள். “நீங்களாவது கேட்டீங்க சிஸ்டர். அந்த வீட்டுல வேற யாரும் கேக்கல.”