உடு என்றால் விடாத நாய்

முப்பத்தொரு வருஷம் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். அரூரிலிருந்து சித்தேரிக்கு ஏறும் வண்டி. உள்ளே போ என்றால் போவார்கள், தள்ளி நில் என்றால் நிற்பார்கள், ஆட்டுக்குட்டியை மடியில் வை என்றால் முனகிக்கொண்டாவது வைப்பார்கள். ஓய்வு பெற்று அதியமான்கோட்டை வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு நாய் என் பேச்சை மதிக்கவில்லை என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? மறைக்காமல் சொல்கிறேன், முதல் நாலைந்து மாதம் அந்த நாயின் மேல் எனக்குக் கோபத்தைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. இன்றைக்கு அது படுத்திருந்த இடத்தைப் பார்க்கும்போது, அந்த நாலைந்து மாதத்தையும் யாராவது திருப்பிக் கொடுத்தால் தேவலை என்று இருக்கிறது.

அது எங்கள் பையனுடைய நாய். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவன், ஊரடங்கெல்லாம் முடிந்த கையோடு வெளிநாட்டுக்குக் கிளம்பினான். "ஆறே மாசம் பாத்துக்குங்கப்பா. நல்லா பழக்கியிருக்கு, சொன்ன பேச்சு கேக்கும்" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை காரில் கொண்டுவந்து இறக்கினான். ஐந்து வயது லேப்ரடார். வெண்ணெய் நிறம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. அதற்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தான். அது என் மனைவியின் வாயில் நுழையவில்லை. என் வாயில் நுழைந்தது, நாயின் காதில்தான் நுழையவில்லை.

வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பதால் காவலுக்காவது ஆகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவரை அது வாலை ஆட்டிக்கொண்டு சமையலறைவரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டது. மீட்டர் பார்க்க வந்தவர் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்து முகத்தை நக்கியது. திருடன் வந்திருந்தால் பீரோவைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் மாடி வந்திருந்தது. அதுவரை ஒற்றைத் தளம்தான். பையன்தான் தன் சம்பாத்தியத்தில் மேலே ஒரு அறையும் வெளிப்பக்கம் படிக்கட்டும் கட்டினான். நாய்க்கு மாடி ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை. மேலே போய் நின்றுகொண்டு ஊரே கேட்கிற மாதிரி அழும். கீழே நின்று "எறங்கு, எறங்கு" என்று கத்திப் பார்ப்பேன். எத்தனை ஸ்டாப்பில் எத்தனை பேரை இறக்கிவிட்ட வாய் இது! அது அசையாது. கடைசியில் நான்தான் மூச்சு வாங்க ஏறிப் போய் அதைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அதன் வாய். எதையாவது கவ்விக்கொண்டே இருக்க வேண்டும் அதற்கு. செருப்பு, விளக்குமாறு, கொடியில் காய்ந்த என் வேட்டி, ஒரு தடவை பக்கத்து சாமந்தி வயலிலிருந்து சொட்டுநீர்க் குழாய் ஒரு பாகம். கடித்துக் குதறாது, அந்த மட்டும் நல்ல குணம். கவ்விக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். "உடு! உடு!" என்று கத்துவேன். விடு என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பையன் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தேன். சரி, என் உச்சரிப்பில் கோளாறு என்று போனில் பையனையே சொல்ல வைத்தேன். நாய் போனைக் கவ்வ வந்தது.

பொறுக்காமல் பழைய விசிலைத் தேடி எடுத்தேன். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும் என்று பழக்கப் பார்த்தேன். ஒரு விசிலுக்கும் கிளம்பியது, இரண்டு விசிலுக்கும் கிளம்பியது. ரோட்டுப் பக்கம் அது ஓடியதில், லாரிக்காரன் ஒருவன் பிரேக் போட்டு என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

"நீங்களே ரைட்டு குடுத்து அனுப்பிச்சிட்டு அப்பறம் அத வையறீங்களே" என்றாள் என் மனைவி.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவருக்குக் கம்பைநல்லூர்ப் பக்கம் தென்னந்தோப்பு இருந்தது. "ஞாயித்துக்கெழம லோடு வண்டியில வந்து தூக்கிக்கறேங்கண்ணா" என்று போனில் சொன்னார். பையனிடம் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்குக் கல்யாணமான நாள் முதல் உள்ள வழக்கம்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் நாய் பக்கத்து வீட்டு முட்டைக்கோழியைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. உயிரோடு. கோழி இறக்கையை அடித்துக்கொண்டு கத்துகிறது, நாய் அதைப் பரிசுப் பொருள் மாதிரி தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, பின்னால் நான் "உடு! உடு!" என்று கம்போடு ஓடுகிறேன், எனக்குப் பின்னால் கோழிக்காரம்மா.

"அண்ணா, உட்றாதீங்க! புடிங்க! புடி, புடி, புடி!" என்று அந்தம்மா அலறினார்.

நாய் நின்றது. வாயைத் திறந்து கோழியை அலுங்காமல் தரையில் வைத்தது. வைத்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்பது போல அந்தம்மாவைப் பார்த்தது. கோழி நாலு இறகை உதிர்த்துவிட்டு எங்களை ஏசிக்கொண்டே வேலிக்குள் ஓடியது.

"இதென்னங்கண்ணா கிறுக்கு நாயா? உடுன்னா புடிச்சிக்குது, புடின்னா உட்டுருது" என்றார் அந்தம்மா.

சத்தம் கேட்டு என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்திருந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. "நீங்க புடின்னது அதுக்கு பிடுன்னு கேட்டிருக்குது" என்றாள் அந்தம்மாவிடம்.

"பிடுன்னா?" என்றேன் நான்.

"எங்க பாஷையில உடுன்னு அர்த்தங்க."

பிறகு கொஞ்சம் குனிந்து, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில், "பா... இல்லி பா" என்றாள். இல்லை, வராதே என்று சொல்கிறாளாக்கும் என்று நான் நினைத்தேன். இங்கே வா என்று அர்த்தமாம். நாய் காதைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவள் காலடியில் நின்றது. "கூத்கோ" என்றாள். உட்கார்ந்தது. வால் மட்டும் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் எங்கப்பா பாத்தேன்? எனக்கு ஆபீசே சரியா இருந்துச்சு. சமையலுக்கு ஒரு அம்மா வருவாங்க, அவங்கதான் பகலெல்லாம் பாத்துக்கிட்டாங்க, கன்னடக்காரம்மா" என்றான். ஆக, நாயைப் பழக்கியது ஒருத்தர், பழக்கியதாகச் சொல்லிக்கொண்டது இன்னொருத்தர். எட்டு வருஷம் பெங்களூரில் இருந்தும் அவனுக்குக் கன்னடம் வராது. அவனுடைய அம்மாவின் பாஷை அது. எப்படி வரும்? எங்கள் வீட்டில்தான் அதை யாரும் பேசியதே இல்லையே.

ஏன் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் ஊர் பாலக்கோடு தாண்டி எல்லைப் பக்கம். வெளியே தமிழ், வீட்டுக்குள் கன்னடம். கல்யாணமான முதல் வாரம், என் சிநேகிதர்கள் நாலைந்து பேர் பந்தியில் உட்கார்ந்திருக்க, அவள் எனக்கு இலை போட்டுவிட்டு, பதற்றத்தில் பழக்கமான வார்த்தை முந்திக்கொண்டு, "ஊட்டா மாடி" என்றாள். சாப்பிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னது. நான் மேலே கூரையைப் பார்த்து, "மாடியா? நம்ம வூட்டுக்கு ஏது மாடி?" என்றேன். சிநேகிதர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். அந்த நகைச்சுவையை டிப்போவில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவள் அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு வார்த்தை கன்னடம் பேசவில்லை என்பது, அந்த வியாழக்கிழமை வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறந்த வீட்டுக்குப் போனால் பேசுவாள். அவள் அம்மா போன பிறகு அதுவும் நின்றது. அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் தமிழுக்கு மாறிவிட்டார்கள்.

வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இருந்த இரண்டு நாளும் வீட்டில் ஒரே பேச்சு. கீரை ஆயும்போதும் பேச்சு, பாத்திரம் துலக்கும்போதும் பேச்சு. நாய் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். "முத்தே, முத்தே" என்று அவள் கூப்பிட, என்னை ஒரு நாளும் இப்படிக் கொஞ்சியதில்லையே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பிறகு பார்த்தால் முத்தே என்றால் களி உருண்டை. நாய் களிச்சட்டியைப் பார்த்து எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தது. அதேபோல "பேடா" என்றால் எனக்குத் தெரிந்தது பெட்டியில் வரும் பால் இனிப்பு. நாய்க்குத் தெரிந்தது வேண்டாம் என்பது. மாடியில் ஏறி அழுதபோது அவள் முதல் படியில் நின்று "இளி, இளி" என்றாள். இறங்கு என்று அர்த்தமாம். நாய் ஒவ்வொரு படியாக நடுங்கிக்கொண்டே இறங்கி வந்தது. இளித்துக்கொண்டு நின்றது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் சொன்னபடியே வந்துவிட்டார். வண்டியில் சாக்கெல்லாம் விரித்து வைத்திருந்தார். மனைவி அவருக்கு டீ கொடுத்துவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"இத அனுப்பிட்டா நான் யாருகிட்டங்க பேசறது?"

"ஏன், நான் இல்லியா?"

"உங்ககிட்ட தமிழ்ல பேசலாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், அரிசி தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெளியே வந்தேன். டிரைவரின் துண்டை நாய் கவ்விக்கொண்டிருந்தது, அவர் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "பிடு" என்றேன். கேலிக்கில்லாமல் நான் வாயைத் திறந்து சொன்ன முதல் கன்னட வார்த்தை அதுதான். நாய் விட்டுவிட்டது. டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு, வெறும் வண்டியோடு அனுப்பி வைத்தேன்.

பையன் அங்கேயே தங்கிவிட்டான்; ஆறு மாதம் என்று வந்த நாய் நாலரை வருஷம் இருந்தது. திருந்தியது என்று சொன்னால் பொய். கன்னடத்திலும் பாதிதான் கேட்கும், மீதிப் பாதி தன் இஷ்டம். மறுபடியும் இரண்டு கோழி தூக்கியது. வேட்டி போனதுக்கு அளவில்லை. ஆனால் அந்த நாட்களின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விடியக்காலையில் அடுப்படியிலிருந்து அவள் பேச்சு, நடுவில் தனக்குத்தானே ஒரு சிரிப்பு. ஊர்க்கதை, அவள் அம்மா கதை எல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் சத்தம் மட்டும், பிறகு நாலில் ஒரு வார்த்தை, கடைசிக் காலத்தில் பாதிக்கு மேல் புரிந்தது. எனக்குப் புரிகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் அதில் நிறைய வந்தது. நாயிடம் நானும் பா, கூத்கோ, பேடா எல்லாம் பேசுவேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவது?

போன வருஷம் மழைக்காலத்தில் அதற்குப் பின்னங்கால் விழுந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வயசாகிவிட்டது என்றார். ஒரு வாரம் அவள் கையால் களி கரைத்து ஊற்றினாள். பிறகு அதுவும் இறங்கவில்லை. பின்னால் மாமரத்தடியில் புதைத்தோம். இங்கிலீஷ் பெயர் வைத்த பையன் போனில் அழுதான். அவள் அழவில்லை. பேசவும் இல்லை. சாப்பாடு ஆச்சு, தண்ணி வந்துச்சு, மருந்து போட்டீங்களா, இவ்வளவுதான், எல்லாம் தமிழில். வீடு பழையபடி ஆகிவிட்டது. பழைய வீடுதானே, முப்பது வருஷம் இப்படித்தானே இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

களி கிண்டுவதையும் அவள் விட்டிருந்தாள். ஒரு நாள் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நானே அடுப்பில் உலை வைத்து, கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டியும் முட்டியுமாக ஏதோ கிண்டி வைத்தேன். அவள் வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் தட்டில் ஒரு உருண்டையை வைத்து, கீரையை ஊற்றி, முன்னால் நகர்த்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊட்டா மாடி" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி, மேலே கூரையைப் பார்த்தாள்.

"மாடியிலயாங்க?" என்றாள். "அதுக்கென்ன, இப்பதான் நம்ம வூட்டுல மாடி இருக்குதே."