மூணுவாலனும் சித்தியின் செம்புக் குடமும்

போன வாரம் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி செம்பு பாட்டிலைத் திறந்தாள். புளி போட்டுத் தேய்த்த செம்பின் வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணி வேணுமா?" என்று நீட்டினாள். "வேண்டாம்மா, நான் பூச்சி இனம், தாங்க மாட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது எம்.எஸ்சி. கடைசி வருஷம். தூத்துக்குடியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். தண்ணீரில் கலக்கும் உலோகங்கள் நன்னீர்ப் பூச்சிகளை என்ன செய்கின்றன என்பது ப்ராஜெக்ட். உலகத்தையே காப்பாற்றப் போகிற வேகம் எனக்கு. கூட்டாளி, திரேஸ்புரத்து ஜெனி. கடலில் எந்த மீனைக் காட்டினாலும் பேர் சொல்வாள். வாய்க்கால் பூச்சியைக் கண்டால் அலறுவாள்.

எங்கள் ஊரில் தாமிரபரணி வாய்க்காலில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசி நீளம், பின்னால் மூன்று வால், இரண்டு பக்கமும் விசிறி மாதிரிச் செவுள். புத்தகத்தில் அதற்கு மேஃபிளை என்று பெயர். ஜெனி வைத்த பேர் மூணுவாலன். அழுக்குத் தண்ணீர் அதற்கு ஆகாது. பட்டறைகளின் உலோகக் கழிவு கலந்து ஓடும் ஓடைத் தண்ணீரில் ஒரு தொட்டி, எங்கள் வாய்க்கால் தண்ணீரில் ஒரு தொட்டி. ஓடைத் தண்ணீரில் சாகவேண்டும், வாய்க்கால் தண்ணீரில் வாழவேண்டும். "நல்ல தண்ணியில செத்துச்சுன்னா அடுத்த வருஷம்தான் டிகிரி" என்று ப்ராஜெக்ட் சார் முதலிலேயே சொல்லியிருந்தார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த வாய்க்கால் தண்ணீர் பிளாஸ்டிக் கேனில் கிடந்தால் கெட்டுவிடாதா? எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் செம்புதான். விருந்தாளிக்கு வைப்பதுபோல் சித்தியின் செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க ஊற்றிவைத்து, காலையில் மூணுவாலன்களைக் குடியேற்றினேன்.

சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் மல்லாந்து கிடந்தன. ஓடைத் தண்ணீர்க்காரர்கள் ஜம்மென்று விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, ஒன் சாக்கடதான் சொர்க்கம் போலுக்கு!" என்றாள் ஜெனி.

எனக்கு அழுகை முட்டியது. ஒரு வருஷம் போச்சே!

"தண்ணிய எதுல வச்ச?"

"செம்புக் கொடத்துல."

"செம்பு என்னதுளா?"

"உலோகம்..." என்று சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து சித்தி வந்தாள். "என் கொடத்தயா கொற சொல்லுதிய? நாங்க காலங்காலமா குடிக்கோம், செத்தா போனோம்? அந்தப் பூச்சிக்குக் குடுத்து வைக்கல!"

நம் தொண்டை தாங்குவதைச் செவுள் தாங்காது என்று சித்திக்கு விளக்கப் பார்த்தேன். அவள் கரண்டியோடு நின்றதால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் காலேஜில் விஷயத்தைக் கேட்ட சார் சிரித்து முடித்துவிட்டு, "இதையே செய்யும்மா" என்றார். கண்ணாடித் தொட்டியில் வாய்க்கால் தண்ணீர், அதில் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சமாக, கூடுதலாக என்று கலந்து மறுபடி ஆரம்பித்தேன். வெறும் வாய்க்கால் தண்ணீரில் பிழைத்தன. செம்பு ஏற ஏறச் செத்தன. ஓடைத் தொட்டிக்காரர்களும் சொர்க்கத்தில் இருக்கவில்லை. அடுத்த சில நாளில், வளர்வதற்குத் தோல் உரிக்க முடியாமல் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். டிகிரி அந்த வருஷமே கிடைத்தது.

போன மாதம் ஊருக்குப் போனபோது பழக்கதோஷத்தில் வாய்க்காலில் இறங்கினேன். எந்தக் கல்லுக்கடியிலும் மூணுவாலன் இல்லை. எதையும் தாங்கும் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தது. ஜெனிக்குப் போன் போட்டேன்.

"இங்கன இல்லன்னா மேல போய்ப் பாப்போம்ளா. நீ புரட்டு, நான் அலறுதேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். மதகு மதகாக ஆற்றை நோக்கி ஏறி, முதல் மூணுவாலன் ஒட்டியிருக்கும் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் நல்ல தண்ணீர் இப்போது எங்கே தொடங்குகிறது என்று அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.