மீட்டர் அக்கா அளக்காமல் விட்ட அடுப்பு

மீட்டர் அக்காவைப் போன்ற பயந்தாங்கொள்ளி அந்தத் தெருவிலேயே கிடையாது. பிழைப்பு என்னவோ கரண்டோடுதான். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, காயில் அடுப்பு, எது பழுதானாலும் அவளுடைய கடைக்குத்தான் வரும். ஆனால் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் ஸ்டூலில் ஏறுவாள்.

"இவ்வளவு பயம் இருந்தா பூக்கடை வச்சிருக்கலாமே!" என்று பக்கத்து சைக்கிள் கடைக்காரர் சீண்டுவார்.

"பயம் இருக்கறதாலதாண்ணே பத்து விரலும் இருக்கு" என்பாள் அவள்.

ஹீட்டர் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது தொற்றிக்கொண்ட பயம் அது. கம்பெனியை மூடிய பிறகு தனியாகக் கடை போட்டாள். பயத்தையும் கூடவே கொண்டுவந்தாள். எந்தச் சாமானையும் பிளக்கில் செருகி, ஓடவிட்டு அளக்காமல் வெளியே அனுப்பமாட்டாள். மீட்டர் வோல்டேஜையும் கரண்டையும் காட்டும். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் காயிலின் ஓம், இரண்டையும் பெருக்கினால் வாட். வாட்டைச் சாமானின் அடியில் சாக்பீஸால் எழுதிய பிறகுதான் கை கழுவுவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு அளக்கவில்லை. அளப்பதற்குக் கரண்ட் இல்லை, ஏரியா முழுக்கப் போயிருந்தது. பழுது பார்த்தது தங்கையின் அடுப்பு. காயில் இரண்டு இடத்தில் அறுந்து, நடுவில் கருகிக் கிடந்தது. கருகியதை வெட்டி எறிந்துவிட்டு, முனைகளை இழுத்து முறுக்கி ஒன்றாக்கினாள்.

"அக்கா, குடுத்துடு, போறேன். அடுப்பங்கரை பிளக்கும் கருகிப்போச்சு. அம்மா ரூம் லைட் ஒயர்லயே போட்டுக்கறேன்" என்றாள் தங்கை.

"ம்" என்றாள் அக்கா. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வீட்டு ஆளுக்குத்தானே, கரண்ட் வந்த பிறகு நேரில் போய் அளந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

தங்கை போன பிறகு மேஜையைத் துடைக்கும்போதுதான் அந்த வெட்டிய துண்டு கையில் தட்டியது. இவ்வளவு நீளமா? ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். முழுக் காயிலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பதினெட்டு ஓம்.

ஆயிரம் வாட் அடுப்புக்கு முழுக் காயில் ஐம்பத்துமூன்று ஓம் இருக்கவேண்டும். பதினெட்டு போனால் மிச்சம் முப்பத்தைந்து. இருநூற்று முப்பது வோல்டை முப்பத்தைந்தால் வகுத்தாள். ஆறரை ஆம்பியர். ஆயிரம் வாட் அடுப்பு ஆயிரத்து ஐந்நூறாகிவிட்டது! காயில் குட்டையானால் எதிர்ப்புக் குறையும், கரண்ட் ஏறும். இதை ஊருக்கெல்லாம் சொல்லித் திட்டுகிறவள் அவள்தான்.

அதன் பிறகுதான் தங்கை சொன்னது மண்டையில் ஏறியது. லைட் ஒயர்.

அந்த ஒயரும் அவள் செய்ததுதான். சுவர் பிளக்கிலிருந்து அம்மா தலைமாட்டு விளக்குக்கென்று இழுத்த மெல்லிய ஒயர், விளக்கு கால் ஆம்பியர்கூட இழுக்காது. அதில் ஆறரை! மீந்த நீளத்தை யாரும் தடுக்கி விழக்கூடாதென்று சுருட்டி, அம்மாவின் மெத்தைக்கு அடியில் செருகியதும் அவளேதான். சுருட்டி வைத்த ஒயரின் சூடு எங்கே போகும்? வீட்டு ஃபியூஸ் இந்தக் கரண்டுக்கெல்லாம் அசையாது. அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, தானாக எழுந்திருக்க முடியாது.

தங்கைக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லையே, எதில் சார்ஜ் போடுவாள்? கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினாள்.

"அண்ணே, கடையைப் பாத்துக்குங்க!"

தெருவில் எல்லோரும் வாசலில் நின்று, கரண்ட் எப்போது வரும் என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்தி மட்டும், வந்துவிடாதே, வந்துவிடாதே என்று வாய்க்குள் கெஞ்சிக்கொண்டு ஓடினாள். அடுப்பின் சுவிட்சைத் தங்கை போட்டபடியே விட்டிருப்பாள். அவளைப் பற்றித் தெரியாதா?

மருந்துக்கடை முனை திரும்பும்போது கடைகளில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. "வந்துடுச்சு!" என்று தெருவே கூச்சல் போட்டது. ஒரு பெரியவர் கைகூடத் தட்டினார். அவளுடைய செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. ஐயோ, நானே கொன்னுட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு தெரு தாண்டி, மூச்சு வாங்க மாடிப்படி ஏறினாள்.

தங்கை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. அம்மா ரூமில் அடுப்பின்மேல் தண்ணீர் தளதளவென்று கொதித்தது, காயில் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. ரப்பர் கருகும் வாடை மெலிதாக மூக்கில் ஏறியது. செருப்பில்லாத காலோடு பாய்ந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கை சுட்டது. அம்மாவைப் புரட்டி, தோளைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்து உட்காரவைத்தாள். மெத்தையைத் தூக்கினாள். ஒயர்ச் சுருள் ஒன்றோடொன்று ஒட்டி இளகிக் கிடந்தது. மெத்தைத் துணியின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது.

அம்மாவுக்குக் கோபம்.

"ஏன்டி இப்படிப் பிடிச்சு இழுக்கறே? நாளெல்லாம் முதுகு சில்லுன்னு இருக்கும். கரண்ட் வந்ததும் இன்னைக்குத்தான் கதகதன்னு எவ்வளவு சுகமா இருந்துச்சு! நீதானே ஏதோ செஞ்சு வச்சிருக்கே?"

அவள் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "நான்தான் செஞ்சேன்."

"அப்போ திரும்பப் போட்டு விடுடி" என்றாள் அம்மா.