லியாக்கத் அலியின் முப்பத்திரண்டு டிஸ்க்குகள்

டிஸ்க்கின் மேல் 'ஹா' என்று வாயால் ஊதி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கிறார் லியாக்கத் அலி. வட்டமாகத் துடைத்தால் கீறல் விழுமாம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லி கம்ப்யூட்டர் டிரைவுக்குள் வைக்கிறார். அது கறகறவென்று செருமுகிறது. பதிலுக்கு இவரும் செருமுகிறார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் முப்பது வருஷமாக பேக் தைக்கிறவர். வயது அறுபத்தாறு. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி வேண்டாம். எதிரில் வருகிற ஆளைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். புது ஜிப் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் பிடிக்காது. "ஒரு பல்லு போனா வாயவே மாத்துவியா?" என்று திட்டிக்கொண்டே பழைய ஜிப்பை ஓடவைத்துக் கொடுப்பார்.

டிஸ்க் விஷயத்திலும் அதே பிடிவாதம்தான். கீறலுக்குப் பற்பசை தேய்த்தால் சரியாகும் என்று மச்சான் ஹுமாயூன் சொன்னார். சொன்னதோடு விட்டிருக்கலாம், தேய்த்தும் காட்டினார். புதுவீடு குடிபுகுந்த படத்தின் இரண்டாம் பாகம் அதோடு காலி, புதினா வாசனை மட்டும் மிச்சம். அன்றிலிருந்து மச்சானுக்கு அந்த வீட்டில் டீ உண்டு, டிஸ்க் கிடையாது.

சுன்னத்து, நிக்காஹ், கடைத் திறப்பு என்று வீட்டு விசேஷ வீடியோக்கள் மொத்தம் முப்பத்திரண்டு. கம்ப்யூட்டரில் ஏற்றிய ஒவ்வொன்றையும் ஒரு நொடி விடாமல் பார்க்கிறார். விசேஷத்தைப் பார்க்க அல்ல, நாலு வருஷத்துக்கு முன் மவுத்தாகிப்போன மனைவி சலீமா பீவியைத் தேட. அந்த அம்மாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. விளக்கு திரும்பியதும் முந்தானையை இழுத்துக்கொண்டு, "வந்தவுங்களப் புடி தம்பி" என்று நழுவிவிடுவார். இதுவரை கிடைத்ததை லியாக்கத் அலி நோட்டில் குறித்திருக்கிறார். முதுகு ஒன்பது இடம். வளையல் கை நாலு. கதவுக்குப் பின்னாலிருந்து, "சால்னா பத்தல" என்று குரல் ஒன்று. முகம் இல்லை.

முகம் இருப்பது முப்பத்திரண்டாவதில். அது மகள் ஷாசியாவின் கல்யாணம். அந்தக் கல்யாணம் பதினோரு மாதம்தான் ஓடியது. திரும்பி வந்தவள் சொன்னது ஒன்றே ஒன்று: அந்த டிஸ்க்கை உடைத்துப் போட வேண்டும். உடைத்தாயிற்று என்றார். உண்மையில் அது கடையில், ஜிப் டப்பாவுக்கு அடியில், செய்தித்தாள் சுற்றிப் பத்திரமாக இருந்தது. இப்போது மேல்பூச்சு செதில் செதிலாக உரிகிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்த முகமும் போய்விடும்.

ஏற்றிப் பார்த்தார். மாப்பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது டம்ளர் தளும்பி, சலீமா பீவி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். முந்தானை நழுவியதுகூடத் தெரியவில்லை. பதினாலு நொடி. மாப்பிள்ளையை மட்டும் வெட்டியெடுக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினார். அவனை வெட்டினால் மனைவியின் கையும் டம்ளரும் சேர்ந்து போகின்றன. துணியில் இப்படி வெட்டியிருந்தால் தொழிலையே விட்டிருப்பார்.

மகளுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. கடலூரில் லேபில் வேலை பார்க்கும் ஷாசியா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மேசைமேல் கிடந்த டிஸ்க்கில் தன் பெயரைப் பார்த்தாள்.

"ஒடச்சிட்டேன்னீங்க."

"ஒடைக்கத்தான் எடுத்தேன். உங்கம்மா உள்ள இருக்காம்மா."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. போகவும் இல்லை. அவர் அவசரமாகப் படத்தை ஓடவிட்டார். மாப்பிள்ளையின் தொப்பி தெரிந்ததுமே எழுந்து, திரையின் வலது பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கடையில் பசை தடவிய விரல்கள் அவனை மறைத்தன. இடது பாதியில் சலீமா பீவி சிரித்தார்.

"கைய எடுங்க, அத்தா. அம்மா கை மறையுது."

அவர் எடுக்கவில்லை. ஷாசியா கிட்டே வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து பிரித்தாள். பிரித்த கையை விடாமல் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள்.