மைனியின் ஏழு கடிதங்கள்

அந்தக் கடிதங்களை அடுப்பில் வைத்தது நான்தான். யாரும் வைக்கச் சொல்லவில்லை. சபைப் பதிவேடு எழுத வரும் புதிய ஆசிரியைகளுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டுமா என்று இப்போதும் யோசனை இருக்கிறது.

1. தள்ளிப்போட்டது

கொல்லயிலில் மிஷன் பள்ளி டீச்சர் நான். சபையின் குடும்பப் பதிவேடு எழுதும் வேலையும் என்னுடையது. யுத்தத்துக்குப் போனவர்களின் கடிதங்களை வீடுவீடாக வாங்கி நகல் எடுக்கும்படி போதகர் சொன்னார். முதலில் கொடுத்தவர் என் கணவரின் அக்கா ரோசம்மை மைனி. அவர் கணவர் பர்மா பக்கம் ரோடு வெட்டப் போனவர், திரும்பவில்லை. ஏழு கடிதங்கள். மைனிக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து, ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

பதிவேட்டில் கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமே என்று, நேரம் கிடைக்கும் நாளுக்காக நகலெடுப்பதைத் தள்ளிப்போட்டேன்.

2. டயர்

எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைக் கிளர்ச்சி சூடாக இருந்த நாட்கள். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். இடுப்பில் குழந்தை, அடுப்பில் கஞ்சி. பக்கத்து வீட்டுத் தங்கப்பன் வேலிக்கு வெளியே நின்று கத்தினார்.

“டீச்சரே, உதியன்குளங்கரையில போலீஸ் வண்டி நிக்குது! தமிழ் நோட்டீஸ் இருக்குத வீட்டுல எல்லாம் தேடுவாவளாம். ஒங்க வீட்டுல வல்லதும் உண்டுமா?”

நோட்டீஸ் ஒன்றும் இல்லை. ஆனால் பயத்தில் எனக்கு எல்லாத் தமிழ்க் காகிதமும் நோட்டீஸாகத் தெரிந்தது. என்னைப் பிடித்துக்கொண்டு போனால் குழந்தைக்கு யார்? பெட்டியில் இருந்த காகிதத்தையெல்லாம், மைனியின் கடிதங்களோடு, அள்ளி அடுப்பில் வைத்தேன். கஞ்சி கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யாரும் வரவில்லை. டயர் பஞ்சராகி நின்ற வண்டியாம்.

3. ஏழாவது கடிதம்

ஞாயிற்றுக்கிழமை மைனி வந்தார். நான் பழைய பாடக்குறிப்புத் தாள் ஒன்றை விரித்து, ஒரு கடிதத்தை ஞாபகத்திலிருந்து வாசித்தேன். நான்கு வரி போவதற்குள் தாளை வாங்கிப் பார்த்தார்.

“எட்டி, இதுல மண்ணெண்ணக் கறையக் காணல்லியே. அந்தக் கடுதாசி எங்க?”

“எரிச்சுட்டேன் மைனி. போலீஸ் வருதுன்னு…”

“ரோடு வெட்டப் போனவிய கடுதாசி போலீசுக்கு எதுக்குட்டி?”

குழந்தை அழுதது. மைனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நோட்ட எடு. ஏழும் எனக்கு மனப்பாடமாக்கும். நான் சொல்லுதேன், நீ எழுது.”

ஆறு கடிதங்களையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். ஏழாவதில், “எல்லாருக்கும் சொகம் சொல்லவும். இத்தறதான்” என்று முடித்தார்.

கடிதம் அவ்வளவோடு முடியவில்லை. அதற்குமேல் இருந்ததை என் கணவர் அக்காவுக்கு ஒருநாளும் வாசித்ததில்லை. கல்யாணமாகி வந்த என்னிடமும் வாசிக்க வேண்டாம் என்றார். நானும் வாசிக்கவில்லை. மைனி தாங்க மாட்டார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். இப்போது கடிதமும் இல்லை.

சொன்னேன். “இன்னும் கொஞ்சம் உண்டு மைனி. ‘காய்ச்சல் விடல்ல. நடக்க முடியாதவங்கள விட்டுட்டுப் போறாங்க. நான் வரல்லேன்னா காத்திருக்க வேண்டாம்.’”

மைனி குழந்தையின் கன்னத்தைத் துடைத்தார்.

“தம்பிக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“பன்னெண்டு வருசம் எனக்கு மட்டும் தெரியாது.” பிறகு, “எழுது. அவிய சொன்னத விடாத எழுது” என்றார்.

எழுதினேன். நான் சொன்னவை மைனியின் கணவருடைய வார்த்தைகள்தானா? சரிபார்க்கக் காகிதம் இல்லை.

புதியவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: கிடைத்த அன்றே நகலெடுங்கள். கையெழுத்து கோணலாக இருக்கட்டும். யாருடைய கடிதமோ, அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்ததும் மைனி எங்கள் வாசலைத் தாண்டி நேரே தன் வீட்டுக்குப் போகிறார்.