தார் பூசிய வண்டி

முதலில் கதவுதான் காட்டிக் கொடுத்தது.

அழகுமுத்துவின் கெப் வண்டியில் இடது பக்கக் கதவு ஒரு நாள் காலை அடைபடவில்லை. இழுத்துச் சாத்தினால் பூட்டு ஒரு விரற்கடை கீழே இடித்து நின்றது. இலேசாகத் தூக்கிச் சாத்தியதும் அடைபட்டது. மழைக்காலத்தில் அவர் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கதவும் இப்படித்தான் அடம்பிடிக்கும், மரம் ஊறிப்போயிருக்கும். இரும்பு ஊறுமா என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கீலுக்கு அடியில் ஒரு வாசரைச் செருகி, சொட்டு எண்ணெய் விட்டு, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் திரும்பும் சந்தியையும் தாண்டி ஏறினால் வருவது தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். அங்கேதான் அழகுமுத்து பிறந்தார். அப்பன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர். மகனுக்குக் கத்தி பிடிக்கவில்லை. மீசை முளைக்கும் முன்பே கொழுந்து லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். அப்புறம் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கி, அந்தக் கடை வண்டியை ஓட்டிப் பழகி, கடைசியில் வலப்பனை மரக்கறி வியாபாரி ஒருவரிடம் இந்தக் கெப்பை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். முன்கூட்டில் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. தொட்டியின் முன்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் இரும்புச் சட்டம். அந்த வண்டி முதன்முதலாக லயத்து வாசலில் வந்து நின்றபோது பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை அவர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்றிலிருந்து மேல் டிவிசனில் கல்யாணப் பெண் போனது அதில்தான். கட்டையில் போனவர்கள் போனதும் அதில்தான். காய்ச்சல்காரப் பிள்ளையும் அதிலே, தோட்டத்துக்கு வரும் உர மூட்டையும் அதிலே. உரம் இறக்கிய பிறகு தொட்டியில் கிடக்கும் வெள்ளைத் தூளை அவர் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவார். அந்தத் தண்ணீர் ஓட்டைகள் வழியே கீழே சேசியில் இறங்கும். சேசி என்பது வண்டியின் முதுகெலும்பு. முன்கூடும் தொட்டியும் அந்த இரண்டு நீள இரும்புகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே போய் உர நீர் என்ன செய்யும் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஆயுத பூசைக்கு மற்றவர்கள் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி. அழகுமுத்து அதற்கு முதல் நாளே வண்டியை ஓடைக்குள் இறக்கிக் குளிப்பாட்டுவார். பாதை போட்டு மிஞ்சிய தாரை டின்னில் உருக்கி, கழிவு எண்ணெய் கலந்து, அன்று மாலைக்குள் சேசி முழுக்கப் பூசிவிடுவார். விடிந்தால் பூசை, காய்வதற்கு எங்கே நேரம்? ஈரத்தின் மேலேயே தார் ஏறும். வருடம் ஒரு பூச்சு. "என் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க, முகம் தெரியும்" என்று அவர் பெருமை பேசுவது உண்மைதான். கன்னங்கரேலென்று மின்னும்.

கதவுக்கு அடுத்தபடியாகச் சட்டம் பேசியது.

தோட்டத்தில் வேலை குறைந்து போனதால் மேல் டிவிசன் பெண்கள் கொஞ்சப் பேர் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போனார்கள். பஸ் கிடையாது. காலையும் மாலையும் அழகுமுத்துவின் கெப்தான். அவர் மனைவி நாகலெட்சுமியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஒரு நாள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தனுஷிகா "ஐயோ!" என்று கத்தினாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அவள் கண்ணாடி வளையல் சட்டத்துக்கும் முன்கூட்டின் முதுகுக்கும் நடுவே அகப்பட்டு நொறுங்கிப் போயிருந்தது.

"புருசன் வாங்கிக் குடுத்ததா இருக்கும். அதான் தரம் அப்படி" என்றாள் கூட்டத்தில் மூத்தவளான வேலாயி. சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது.

அழகுமுத்து சிரிக்கவில்லை. முன்பெல்லாம் அந்த இடைவெளியில் அவர் கையை முழங்கை வரை விட்டுத் துணி போட்டுத் துடைப்பார். இப்போது விட்டுப் பார்த்தார். விரல்கள் மட்டும் போயின. மேலே இப்படி நெருங்கி, கீழே அகன்றிருந்தது. முன்கூட்டின் முதுகில் சட்டம் உரசிப் பெயின்ட் போயிருந்தது. முன்கூடும் தொட்டியும் ஒன்றன்மேல் ஒன்று தலைசாய்த்து ஏதோ இரகசியம் பேசுவதைப் போல அவருக்குப் பட்டது.

அந்த வாரமே அக்கரப்பத்தனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சின்னராசாவிடம் போனார். சின்னராசா முதுகை மண்ணில் போட்டு வண்டிக்கு அடியில் நுழைந்து, சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தான். முன்பக்கம் கணீரென்று கேட்டது. முன்கூடு முடியும் இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப் போனது. இன்னொரு தட்டு. தார் பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. அதோடு துரு அடை அடையாக வந்தது. அதற்கும் பின்னாலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, சுத்தி உள்ளுக்குப் போயிருச்சு."

"உள்ளுக்குன்னா?"

"உள்ளுக்குன்னா உள்ளுக்குத்தான். நீங்களே வந்து பாருங்க. தாருதான் இரும்பப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஈரத்த உள்ள வச்சு இப்படி மூடுனா அது தின்னாம என்ன செய்யும்? மத்தப் பக்கத்துலயும் வெடிப்பு ஓடுது."

"ஒரு தகடு வச்சு ஒட்டிக் குடு தம்பி. இந்த மாசம் ஓடட்டும்."

"ஒட்டுறதுக்கு இரும்பு வேணுமே! கருவாட்டுல தையல் போடச் சொல்றீங்க. தொட்டியக் கழட்டி, இந்த நீளத்த வெட்டி எறிஞ்சு, புதுசா வைக்கணும். ஒரு மாசமாவது வண்டி இங்க கெடக்கணும்." அவன் வெளியே வந்து எழுந்து நின்றான். "வெறும் வண்டியா வீடு வரைக்கும் கொண்டு போங்க. ஆளு மட்டும் ஏத்தாதீங்கண்ணே. நான் தகடு வச்சு, நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா, நாகலெட்சுமி அக்கா மொகத்துல முழிக்க முடியாது."

அழகுமுத்து மெதுவாக வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்தார். வழி நெடுக ஒரே நினைப்புத்தான். ஒரு நாள் ஆட்கள் வராவிட்டால் கீழ் டிவிசனிலிருந்து எடுத்துக்கொள்வதாக அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லி வைத்திருக்கிறார். ஒரு மாதம் என்றால் அத்தனை வீட்டு அடுப்பும் அணைந்த கணக்கு. வண்டியில்லாத அழகுமுத்துவை யார் தேடி வருவார்கள் என்பதும் அந்த நினைப்பின் ஓரத்தில் ஒளிந்து கிடந்தது. வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் செய்த காரியம் இதுதான்: டின்னில் மிச்சமிருந்த தாரை உருக்கினார். சுத்தியல் உரித்த இடத்தில், ஓட்டை தெரியாமல், கனமாக அப்பினார்.

நாகலெட்சுமி வெளியே வந்து மூக்கைச் சுளித்தாள். "ஏங்க, ஆயுத பூசைக்கு எம்புட்டு நாளு கெடக்கு. இப்ப எதுக்குத் தாரு?"

"மழை வருதுல்ல" என்றார், வண்டிக்கு அடியில் இருந்தபடியே.

மறுநாள் காலையில் மழையோடு மூட்டமும் இறங்கியிருந்தது. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அழகுமுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ முன்னுக்கு வந்து உக்காரு."

"இன்னிக்கு என்ன புதுசா மருவாதை? வேலாயிக்காவுக்கு முட்டி வலி. அவங்க உக்காரட்டும்." நாகலெட்சுமி பின்னால் ஏறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பாளே!

வேலாயி முன்னால் ஏறிக் கதவைத் தூக்கிச் சாத்தினாள். "தம்பி, இந்தக் கதவு என் மாமியா மாதிரி. தாங்கித் தாங்கிப் புடிச்சாத்தான் வழிக்கு வருது."

ஏற்றத்தில் சத்தம் இல்லை. உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகுக்குப் பின்னால் 'டிக்' என்று ஒன்று கேட்டது. யாரோ விரலைச் சொடுக்குவது போல. வேலாயி மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். அழகுமுத்துவின் காதில் அது எதுவும் விழவில்லை. அவர் அடுத்த டிக்குக்காகக் காத்திருந்தார். பின்னால் பெண்கள் பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தார்கள். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பாட்டும் குலுங்கியது.

ஓடையைக் கடக்கும் சின்ன மதகுக்கு மேலே உள்ள வளைவில், யாரும் தொடாமல், வேலாயியின் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

"அடி ஆத்தீ!" வேலாயி அவர் தோளைப் பிடித்தாள். வெளியே பாதை விளிம்பும், அதற்கப்பால் வெண்மூட்டமும்தான் தெரிந்தன. அழகுமுத்து வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார்.

"எல்லாரும் எறங்குங்க. பிரேக்கு சூடாயிருச்சு. மதகத் தாண்டி ஏறிக்கலாம்."

"இந்தக் குளிருல பிரேக்குக்கு மட்டும் சூடா? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்கண்ணே" என்றாள் தனுஷிகா. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். நாகலெட்சுமி கடைசியாக இறங்கினாள். இறங்கியவள் அவரை ஒரு தரம் பார்த்தாள்.

அவர் பிரேக்கை விட்டார். வண்டி தானாக உருண்டது. மதகுக்கு முன்னால் தண்ணீர் அரித்த குழி ஒன்று உண்டு. முன்சக்கரம் அதைத் தாண்டியது. பின்சக்கரம் இறங்கியபோது, விறகை முழங்காலில் வைத்து முறித்தது போல ஒரு சத்தம். இருக்கை அவரைப் பின்னுக்குத் தள்ளியது. தொட்டியின் முன்பக்கம் தரையில் குத்தி நின்றது. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. இரும்புச் சட்டம் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அவர் பிடரிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. கண்ணாடித் துகள் சட்டைக்குள் இறங்கியது.

பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அழுதாள். தனுஷிகா சட்டத்தையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வேலாயி அவரை வெளியே இழுத்து, இடுப்பு முடிச்சிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பூசினாள். "மாரியாத்தாதான் ஒன் வாயில வந்து எறங்கச் சொன்னா. இத்தன தாலியக் காப்பாத்திட்ட தம்பி. நீ நல்லா இருக்கணும்!"

"நம்ம அண்ணே இல்லாட்டி இந்நேரம் மதகுக்குக் கீழதான் தேடணும்" என்றாள் இன்னொருத்தி.

திருநீறு மழையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அழகுமுத்து அதைத் துடைக்கவில்லை.

நாகலெட்சுமி முறிந்த இடத்தில் குனிந்து நின்றாள். இரும்பின் விளிம்பு பிஸ்கட் போல அடுக்கடுக்காக உதிர்ந்திருந்தது. அதன் மேல் தார், இன்னும் இறுகாமல், நூல் நூலாகத் தொங்கியது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுந்து வந்து, மற்றவர்களுக்குக் கேட்கும்படியே கேட்டாள்:

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"முந்தியே தெரியும் வேலாயிக்கா" என்றார் அழகுமுத்து. "சேசி அழுகிப் போச்சு, ஆளு ஏத்தாதன்னு சின்னராசா நேத்தே சொன்னான். ஓட்டை தெரியாம நான்தான் தாரப் பூசுனேன்."

வேலாயி திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். மதகுக் கட்டில் கையூன்றி உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கூடையை எடுத்தாள்.

"நடங்கடி. நேரமாகுது."

ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக அவர்கள் மதகைத் தாண்டினார்கள். அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், யாரும் உரசவில்லை. நாகலெட்சுமி மட்டும் நின்று, ஒரு கல்லை உருட்டிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.

"கொழுந்து லொறி வர்ற நேரம். வளைவுக்கு மேல போய் நின்னு மறிங்க" என்று சொல்லிவிட்டு, அவளும் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அழகுமுத்து வளைவில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் மதகுக்கு அப்பால் பாதை வளைந்து வளைந்து இறங்குவது தெரியும். மூட்டம் விலகிய இடத்தில் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை. மேலே எங்கோ லொறி கியர் மாற்றும் உறுமல் கேட்டது. அது இன்னும் வெகு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் கீழே அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் பாதையை விட்டுத் தாவி, பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, மண்மேட்டோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்கள்.