எந்த உப்பு

டாக்டரம்மா, என் தங்கையைக் கொன்றது நீங்கள்தான். தப்பான ஊசி போட்டுக் கொல்லவில்லை. சொல்ல வேண்டியதைப் பாதியில் நிறுத்திக் கொன்றீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். குரங்கணிக்கு மேலே மலையில் ஒரு ஏலத் தோட்டத்தில் நானும் தங்கையும் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். கால் வீங்கி, முகமும் வீங்கியது. போடியில் இருந்த உங்கள் கிளினிக்குக்குக் கூட்டி வந்தேன். பிரஷர் பார்த்தீர்கள். ரத்தம் எடுக்கச் சொன்னீர்கள். சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல உப்பு கூடியிருக்கு, கவனமா இருக்கணும்" என்றீர்கள்.

"என்னம்மா செய்யணும்?" என்று கேட்டேன்.

"அதான் சொல்லிட்டேனே" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டீர்கள்.

உப்பு கூடினால் உப்பைக் குறைக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது கடையில் படியால் அளந்து போடும் உப்பு ஒன்றுதான். அன்றே அவள் கஞ்சியில் உப்பை நிறுத்தினேன். ஊறுகாய், கருவாடு எல்லாவற்றையும் ஒளித்து வைத்தேன்.

"இத நாய்கூட மோந்து பாக்காதுக்கா" என்றாள்.

"வாய மூடிட்டுக் குடிடி. பிள்ளைக்கு ஆகாது."

அவள் புருஷன் சிரித்தான். "உப்புப் போட்டுத் தின்னாத்தான ரோசம் வரும்? இனிமே எங்கூடச் சண்டைக்கு வரமாட்டா."

"நீங்க வருசம்பூரா உப்புப் போட்டுத்தான தின்றீக மாமா, ஒங்களுக்கு எங்க வந்துச்சு ரோசம்?"

அவ்வளவு வாய் அவளுக்கு.

அடுத்த வாரம் ஓயாத தலைவலி. "கண்ணு முன்னால மின்னாம்பூச்சி பறக்குதுக்கா" என்றாள். உப்பில்லாத உடம்பு, சோர்வு இருக்கத்தான் செய்யும் என்றோம். வைத்தியம் பிடிக்கிறது என்றே நம்பினோம். அவளும் நம்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கஞ்சியைக் குடித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கம்பளியில் தொட்டில் கட்டி நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். குரங்கணியில் ஏலக்காய் லோடு ஏற்றியிருந்த ஜீப்பு ஒன்றுதான் நின்றது.

"அண்ணே, வெரசா எடுங்கண்ணே, உசுரு போகுது" என்று டிரைவர் காலில் விழுந்தேன். அவர் மூட்டைகளைக் கீழே உருட்டிவிட்டு எடுத்தார். வழியில் மறுபடி மறுபடி இழுத்தது. அவள் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை முதலில் போனது. பிறகு அவள்.

அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன்: "உப்பே குடுக்கலையே சாமி, பெறகு எப்படி?" நீங்கள் கொடுத்த சோதனைச் சீட்டை அவர் வாங்கிப் படித்தார். அது சாப்பிடுகிற உப்பு இல்லை, யூரிக் அமிலம் என்றார். பிரஷரோடு சேர்ந்து அது ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரலாம் என்று அர்த்தமாம். அன்றைக்கே படுக்கையில் சேர்த்திருக்க வேண்டுமாம்.

அவள் ரத்தம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மலையிலிருந்து வயிற்றுப் பிள்ளையோடு பெண்கள் இன்னும் உங்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். உங்கள் கிளினிக் வாசலில், வரிசையில் நிற்கும் அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அவளை ஏன் வீட்டுக்கு அனுப்பினீர்கள்?